கதீட்ரல்: கட்டடத்தின் பெயரா, இருக்கையின் பெயரா?

தென்றல்வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியத் தேவாலயங்களின் வரலாற்றை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். முதல் இயலிலேயே ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. கதீட்ரல் என்று வருமிடமெல்லாம் 'பேராலயம்' என்று எழுதிக்கொண்டு போனேன். பாரிசின் நோத்ர தாம், கொலோன், செவில் ஆகியவற்றைப் பற்றி எழுதும்வரை அது இடறவில்லை. இலண்டனுக்கு வந்ததும் இடறியது. அந்நகரின் புனித பவுல் ஆலயத்தைக் கதீட்ரல் என்று கூறும் நூல்கள், அரசர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை அவ்வாறு கூறுவதில்லை. வேல்சு நாட்டில் செயின்ட் ஆசாஃப் என்னும் சின்னஞ்சிறிய ஊரில் உள்ள, அளவில் மிக அடக்கமான ஆலயமோ கதீட்ரல் எனப்படுகிறது. ஆகவே பெருமை, உயரம், பழமை ஆகிய எதுவும் இப்பெயருக்குக் காரணமாகத் தெரியவில்லை.

இச்சொல் எம்மொழியிலிருந்து வந்தது, முதலில் எதைக் குறித்தது, 'கத்தோலிக்க' என்னும் சொல்லோடு இதற்கு உறவு உண்டா, தமிழில் இதை எப்படி எழுதுவது முறை என்பவற்றை அறிந்தோர் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பழஞ்சொல் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. ஓர் ஆயர் (பிஷப்) தம் ஆட்சிக்குட்பட்ட திருச்சபைப் பகுதியாகிய மறைமாவட்டத்தை ஆள்வதற்கும் மக்களுக்குப் போதிப்பதற்கும் உரிய இருக்கை எந்த ஆலயத்தில் இடப்பட்டிருக்கிறதோ, அந்த ஆலயமே கதீட்ரல். இருக்கை இருந்தால் சிறு ஆலயமும் கதீட்ரல்தான். இல்லையேல் வானளாவிய கோபுரம் இருந்தாலும் அது கதீட்ரல் ஆகாது.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். அம்மொழியில் 'கதா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் இருக்கை. இரண்டும் புணரும்போது முதற்சொல்லின் ஈற்றுயிர் கெட்டு, எஞ்சிய தகரமெய் அடுத்து வரும் ஹகர ஒலியோடு கலந்துவிட, 'கதெத்ரா' என்னும் சொல் கிடைக்கிறது. உட்காருவதற்கான ஒரு பொருள் என்பதற்கு மேல் அச்சொல்லில் தொடக்கத்தில் எந்தப் புனிதமும் இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலேயே இதைக் காணலாம். எருசலேம் தேவாலயத்தில் புறா விற்றவர்களின் ஆசனங்களை இயேசு கவிழ்த்தார் என்று மத்தேயு 21ஆம் அதிகாரம் கூறுகிறதே, அங்கே அந்த வணிகர்களின் இருக்கைக்கு வரும் சொல் கதெத்ராதான். இரண்டு அதிகாரம் தள்ளி, வேதபாரகரும் பரிசேயரும் மோசேயின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லுமிடத்திலும் அதே சொல்தான். சந்தைக்காரரின் இருக்கைக்கும் சட்டம் போதிப்பவரின் இருக்கைக்கும் ஒரே சொல் வழங்கியது; பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் 'ஆசனம்' என்றே எழுதியது மிகப் பொருத்தம். முதல் சங்கீதத்தில் 'பரியாசக்காரர் உட்காரும் இடம்' என்று நாம் படிப்பதும் கிரேக்க, இலத்தீன மொழிபெயர்ப்புகளில் கதெத்ராவே.

இலத்தீனுக்குச் சென்றபின் இச்சொல் இரண்டு வழியாகப் பிரிந்தது. உரோமரின் வீடுகளில் கதெத்ரா என்பது சாய்மானம் உடைய, கைப்பிடி இல்லாத, பெரும்பாலும் பெண்கள் அமரும் நாற்காலி. மற்றொரு பக்கம், பேச்சுக்கலையும் மெய்யியலும் கற்பிப்போர் அமரும் இருக்கைக்கும் அதுவே பெயராயிற்று. அக்காலத்து ஆசிரியர் அமர்ந்து கற்பித்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நாசரேத்தூர்த் தொழுகைக்கூடத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை நின்று வாசித்து, அதைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்த பிறகே விளக்கம் சொல்லத் தொடங்கினார் என்று லூக்கா எழுதுவது இந்த வழக்கத்தைத்தான் காட்டுகிறது. ஆயரும் முதன்மையாக ஓர் ஆசிரியர். ஆகவே அவர் அமர்ந்து மறையுரை ஆற்றிய இருக்கை கதெத்ரா எனப்பட்டது. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த சிப்ரியன் எழுதும்போது அது மரத்தாலான பொருளைக் கடந்து, ஆயரின் அதிகாரத்தையே சுட்டும் சொல்லாக வளர்ந்திருந்தது.

'எக்ளேசியா கதெத்ராலிஸ்', அதாவது 'இருக்கைக்குரிய ஆலயம்' என்னும் தொடர் முதன்முதலில் வருவது 516இல் இசுபானியாவின் தர்ராகோனாவில் கூடிய திருச்சங்கத்தின் ஏடுகளில் என்பது அறிஞர் கருத்து. இத்தொடரில் கதெத்ராலிஸ் என்பது பெயர் அன்று, அடைமொழி. ஆங்கிலத்திலும் ஏறத்தாழ 1300 முதல் 'கதீட்ரல் சர்ச்' என்றே எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் 'சர்ச்' உதிர்ந்து, அடைமொழி தனியே நின்று பெயராயிற்று. தாங்கள் சந்திக்கும் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 'இருக்கைக்குரிய' என்னும் பொருள் மறைந்து, கட்டடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்போது, அக்கட்டடத்தின் பெருமையே சொல்லின் பொருள் என்று தோன்றிவிடுகிறது.

ஒன்றை விரும்பிச் சொல்கிறேன். கதெத்ரா என்னும் அதே இலத்தீனச் சொல் பழைய பிரெஞ்சில் ஒலி தேய்ந்து 'ஷயேர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சேர்' ஆயிற்று. நாம் அன்றாடம் சொல்லும் அந்தச் 'சேரும்' கதீட்ரலும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். பாரிசு நகரத்தார் ரகரத்தைச் சகரச் சாயலில் ஒலித்ததால் பிரெஞ்சில் 'ஷேஸ்' என்று இன்னொரு வடிவம் பிறந்து நாற்காலிக்கு நிலைத்தது. பழைய வடிவமான 'ஷேர்' போதகர் ஏறும் மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் ஒதுங்கியது. இசுபானிய மொழியில் பேராசிரியரைக் 'கதெத்ராத்திக்கோ' என்பார்கள். அம்மொழியில் இடுப்பு எலும்புக்கு வழங்கும் 'கதேரா' என்னும் சொல்லும் இதே வழியில் வந்ததுதான். அமரும் பொருளின் பெயர் அமரும் உறுப்புக்குச் சென்றுவிட்டது. போலந்து மொழியில் 'கதெத்ரா' என்றால் ஆயரின் ஆலயம்; பல்கலைக்கழகத் துறையும் அதே சொல்தான். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைந்தது பற்றி நாம் பேசுகிறபோது 'இருக்கை' என்று எதைச் சொல்கிறோமோ, அந்தப் பொருளின் மூதாதை இந்த ஆசிரியர் நாற்காலியே.

கத்தோலிக்க என்னும் சொல்லோடு உறவு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அது 'கதா' என்பதோடு முழுமை என்னும் பொருளுடைய 'ஹோலொஸ்' சேர்ந்து பிறந்த சொல். உலகு தழுவிய, பொதுவான என்று பொருள். முன்னொட்டு ஒன்றே தவிர, அடிச்சொல் வேறு. ஆங்கிலிக்கன், லூத்தரன், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளிலும் கதீட்ரல்கள் இருப்பதற்குக் காரணம், அவற்றிலும் ஆயர்கள் இருப்பதே.

கல்தச்சன் எழுதுகிறார்:

பழஞ்சொல் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு சொல்வதற்கு மிகுதியில்லை. ஆனால் மாணவர்களுக்கு எழுதுகிறீர்கள் என்பதால் சில கட்டடங்களை முன்வைக்கிறேன்.

முதலில் உரோமையை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தந்தை (போப்பாண்டவர்) உரோமை நகரின் ஆயர். அப்படியானால் அவருடைய கதீட்ரல் எது? பெரும்பாலோர் புனித பேதுரு பசிலிக்கா (பசிலிக்கா என்பது திருத்தந்தை ஓர் ஆலயத்துக்கு வழங்கும் சிறப்புத் தகுதி) என்பார்கள். அது சரியன்று. இலாத்தரன் பகுதியில் உள்ள புனித யோவான் ஆலயமே உரோமையின் கதீட்ரல். 'நகரிலும் உலகிலும் உள்ள ஆலயங்கள் அனைத்துக்கும் தாயும் தலையும்' என்னும் பொருள்பட இலத்தீனில் பொறித்த கல்வெட்டு அதன் முகப்பில் உள்ளது. 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, அதே மாதம் 25ஆம் நாள் இலாத்தரனுக்குச் சென்று அங்குள்ள இருக்கையில் அமர்ந்த சடங்கின் பொருள் இதுதான். உலகத்தார் கண்ணுக்குப் பேதுரு பசிலிக்காவின் குவிமாடமே உரோமையாகத் தெரிகிறது. திருச்சபையின் கணக்கிலோ இலாத்தரனே முதலிடத்தில் நிற்கிறது.

அடுத்து, தாங்கள் குறிப்பிட்ட வெஸ்ட்மின்ஸ்டர். அது துறவியர் மடமாக இருந்தது. அபே என்பதன் பொருளே மடம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1540இல் அங்கே புதிதாக ஒரு மறைமாவட்டம் நிறுவி, அதற்குரிய கதீட்ரலாக அதை அறிவித்தார். 1550இல் அந்த மறைமாவட்டம் கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 10 ஆண்டுகள் கதீட்ரலாக இருந்து, பின்னர் அப்பெயரை இழந்த கட்டடம் அது. கல்லும் சுண்ணாம்பும் மாறவில்லை. இருக்கை வந்தது, போயிற்று. இன்று அது எந்த ஆயரின் ஆட்சிக்கும் உட்படாமல் நேரே அரசரின்கீழ் உள்ள ஆலயம்.

செர்மனியின் உல்ம் நகர ஆலயத்தின் கோபுரம் ஏறத்தாழ 161.5 மீட்டர் உயரமுடையது. எனினும் அந்நகரில் ஆயர் எக்காலத்திலும் அமர்ந்ததில்லை. அது லூத்தரன் சபையாரின் பங்கு ஆலயம். பார்சிலோனாவின் சக்ராத பமீலியாவை உலகமே அறியும். 2010இல் பதினாறாம் பெனடிக்ட் அதை அருள்பொழிவு செய்து பசிலிக்காவாக உயர்த்தினார். ஆனால் அந்நகரின் கதீட்ரல், பழைய கோத்திக் குடியிருப்புகளின் நடுவே நிற்கும் திருச்சிலுவை, புனித யுலாலியா ஆலயம். ஐவரி கோஸ்ட்டின் யமுசுக்ரோவில் 1990இல் இரண்டாம் யோவான் பவுல் அருள்பொழிவு செய்த அமைதியின் அன்னை பசிலிக்கா, உலகின் மிகப் பெரிய ஆலயங்களுள் ஒன்று. அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரலோ அதே ஊரில் உள்ள, அதைவிட மிகச் சிறிய புனித அகுஸ்தீன் ஆலயம்.

இருக்கை இடம் பெயர்ந்தால் பெயரும் பெயரும். இங்கிலாந்தில் பழைய சேரம் குன்றின்மேல் இருந்த ஆயரின் இருக்கையை 13ஆம் நூற்றாண்டில் சமவெளிக்குக் கொண்டுவந்தார்கள். 1220இல் அடிக்கல் நாட்டிய சாலிஸ்பரி கதீட்ரல் அங்கே எழும்பியது. குன்றின்மேல் இருந்த பழைய ஆலயம் பிரிக்கப்பட்டது, இன்று அதன் அடித்தளக் கோடுகளே எஞ்சியுள்ளன.

இதற்கு நம் சென்னையிலேயே தெளிவான சான்று உண்டு. அண்ணா மேம்பாலத்தின் அருகில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயம் 1815இல் கட்டப்பட்டது. அப்போது அது கதீட்ரல் அன்று. 1835இல் சென்னைக்கென்று தனி ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் அமைந்து, டேனியல் கோரி அதன் முதல் ஆயரானபோது, இருபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்த அதே கட்டடம் கதீட்ரல் ஆயிற்று. கதீட்ரல் சாலை என்னும் தெருப்பெயரும் அதிலிருந்தே வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டதும் அவ்வாலயத்தில்தான்.

முறைப்படி அமையாத பயன்பாடுகளும் உண்டு. கலிபோர்னியாவில் 1980இல் கண்ணாடியால் கட்டி முடிக்கப்பட்ட ஓர் ஆலயத்தை, ஆயர் என்னும் பதவியே இல்லாத சபையார் 'கிரிஸ்டல் கதீட்ரல்' என்று அழைத்தார்கள். அங்கே அச்சொல் பெருமைக்காகச் சூட்டியது. பின்னர் ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் அதை வாங்கிச் சீரமைத்து 2019இல் அருள்பொழிவு செய்தபின் அது சொல்லின் முழுப் பொருளிலும் கதீட்ரலாகிவிட்டது. கிளாஸ்கோவில் நிலைமை நேர்மாறு: ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஆயர்கள் இல்லை, ஆனால் இடைக்காலத்தில் ஆயர் அமர்ந்த ஆலயம் என்பதால் பழம்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த இருக்கை எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இத்தாலியின் ரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டின் ஆயர் மாக்சிமியானுக்கு உரியதாகிய, தந்தத்தில் செதுக்கிய நாற்காலி பாதுகாக்கப்படுகிறது. அதன் படத்தைத் தங்கள் நூலில் சேர்க்க முடிந்தால் நான் மிக மகிழ்வேன், ஏனெனில் ஆரம்பகாலக் கதெத்ராவை இத்தனை முழுமையாக வேறெங்கும் காண்பது அரிது. தொடக்கத்தில் இருக்கை பலிபீடத்துக்குப் பின்னே, கட்டடத்தின் அரைவட்டக் கோடியில், மக்களை நோக்கி இருந்தது. இருமருங்கும் குருக்கள் அமர்வார்கள். வெனிசு அருகே தொர்ச்செல்லோ தீவின் ஆலயத்திலும் இங்கிலாந்தின் நார்விச்சிலும் இவ்வமைப்பை இன்றும் பார்க்கலாம். பிற்காலத்தில் அது பலிபீடத்தின் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. எக்சிட்டரில் 14ஆம் நூற்றாண்டில் ஓக் மரத்தால் செய்த ஆயரின் இருக்கை, மேற்கவிப்போடு சேர்த்து ஏறத்தாழ 18 மீட்டர் உயரம்.

தென்றல்வாசகி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இயலை முழுதும் திருத்தி எழுதப்போகிறேன். இன்னும் ஓர் ஐயம். கொலோன் ஆலயத்தைச் செர்மானியர் 'தோம்' என்றும், மிலானில் உள்ளதை இத்தாலியர் 'துவோமோ' என்றும் கூறுகிறார்கள். குவிமாடம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு இவை ஒத்திருக்கின்றன. அவ்விரு மொழியினரும் கட்டடத்தின் வடிவத்தை வைத்தே பெயரிட்டார்களா?

பழஞ்சொல்:

இல்லை அம்மா, கொலோன் ஆலயத்தில் குவிமாடமே கிடையாது. இலத்தீனில் 'தோமுஸ்' என்றால் வீடு. ஆலயத்தை இறைவனின் இல்லமாகவும், அதைச் சார்ந்த குருக்களின் இல்லமாகவும் கருதி வழங்கிய பெயர் அது. இத்தாலிய நகரங்களின் துவோமோக்கள் பலவற்றுக்குக் குவிமாடம் இருந்தமையால், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றபோது கட்டடத்தின் பெயர் அதன் கூரைக்குப் பெயராகிவிட்டது. மூலத்தில் வீடுதான், கூரை பின்னால் வந்தது.

இதில் சுவையான ஒரு திருப்பம் பின்லாந்தில் நிகழ்ந்தது. சுவீடிய மொழியில் இவ்வகை ஆலயம் 'தோம்சிர்க்கா'. அம்மொழியில் 'தோம்' என்னும் வேறொரு சொல்லுக்குத் தீர்ப்பு என்று பொருள். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பின்னிய மொழியில் 'துவோமியோகிர்க்கோ' என்று பெயர்த்துவிட்டார்கள். நேர்ப்பொருள் தீர்ப்பு ஆலயம். எல்சிங்கியின் வெண்ணிறக் கதீட்ரலுக்கு அந்நாட்டார் இன்றும் வழங்கும் பெயர் அதுவே. உருசிய மொழியில் 'சபோர்' என்பார்கள்; மக்கள் கூடுமிடம், சங்கம் என்று பொருள். இருக்கையை விடாமல் பற்றிக்கொண்டவர்கள் அங்கேரியர்: அவர்களுடைய 'சேக்கெஷெத்ஹாஸ்' என்னும் சொல்லில் 'சேக்' என்பது நாற்காலியேதான். போர்த்துகீசர் இலத்தீனில் இருக்கையைக் குறிக்கும் மற்றொரு சொல்லாகிய 'செதெஸ்' என்பதைச் சுருக்கிச் 'சே' என்றார்கள். கோவாவில் 'சே கதீட்ரல்' என்று பயணநூல்களில் படித்திருப்பீர்கள். அங்கே இருக்கை என்னும் பொருள் இருமுறை வருகிறது.

அந்தச் 'செதெஸ்' என்பதும் கிரேக்க 'ஹெத்ரா' என்பதும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. சொல்லின் முதலில் நின்ற சகரம் கிரேக்கத்தில் ஹகரமாகத் தேய்ந்தது. இலத்தீனிலும் வடமொழியிலும் தேயவில்லை. சதஸ், பரிஷத், உபநிஷத் ஆகிய சொற்களில் உள்ள 'சத்' அந்த வேர்தான். அமர்தல் என்பதே பொருள். ஆசனம் என்பது மட்டும் வேறு வேரைச் சேர்ந்தது.

குருநகரான்:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா கூறிய பட்டியலில் நம் மொழிக்கே உரிய ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

இந்தியத் தமிழர்கள் நாற்காலி என்பதை ஈழத்தில் நாங்கள் கதிரை என்போம். தமிழகத்து நண்பர்கள் இதைக் கதிர் என்னும் சொல்லோடும், கதிர்காமத்துக்கு வழங்கும் கதிரை என்னும் பெயரோடும் இணைத்துப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன். தொடர்பில்லை. இது போர்த்துகீசரின் 'கதேய்ரா'. அம்மொழியில் இன்றும் நாற்காலிக்கு அதுதான் சொல். அந்தக் கதேய்ராவின் தாய் இலத்தீனக் கதெத்ரா. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசர் இத்தீவுக்கு வந்தபோது அலுமாரி, சப்பாத்து முதலிய சொற்களோடு இதுவும் எங்கள் வீடுகளுக்குள் வந்து அமர்ந்தது. ஆகவே யாழ்ப்பாணம் மரியன்னை பேராலயத்தைக் கதீட்ரல் என்று சொல்லிவிட்டு, உள்ளே பின்வரிசைக் கதிரையில் அமரும் ஒருவர், ஒரே சொல்லின் இரண்டு உருவங்களை அறியாமலே வழங்குகிறார். தங்கள் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அயல்மொழிச் சொல் என்னும் தயக்கம் விலகும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. எங்கள் பெரியவர்கள் ஆயரை மேற்றிராணியார் என்றும், அவருடைய ஆட்சிப் பரப்பை மேற்றிராசனம் என்றும், தலைமை ஆலயத்தை மேற்றிராசனக் கோவில் என்றும் சொன்னார்கள். மேற்றிராணி என்பது சிரிய மொழியில் பெருநகர ஆயரைக் குறிக்கும் 'மித்ரான்' என்பதன் வழிவந்தது; மலையாளத்தில் 'மெத்ரான்' என்று இன்றும் வழங்குகிறது. அதோடு ஆசனம் சேர்ந்தே மேற்றிராசனம் ஆயிற்று. அதாவது கதெத்ராவின் பொருளை முழுமையாக உள்ளடக்கிய ஒரு சொல் தமிழில் முன்பே இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேராலயம் என்று பெருமையை மட்டும் சுட்டும் சொல்லுக்கு ஏன் போனோம் என்பது எனக்கு வருத்தம். தங்கள் நூலில் மேற்றிராசனக் கோவில் என்பதை மீட்டெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மறைக்கல்வி ஆசிரியை:

குருநகரான் ஐயாவின் ஆர்வத்தை மதிக்கிறேன். கதிரை பற்றிய செய்தி எனக்குப் புதியது, வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் மேற்றிராசனக் கோவிலை மீட்கும் கருத்தை ஏற்க இயலவில்லை. மறைமாவட்டம், ஆயர், பேராயர் ஆகிய சொற்கள் தமிழகத்தில் பல பத்தாண்டுகளாக வேரூன்றிவிட்டன. 15 வயதுப் பிள்ளைக்கு மேற்றிராசனம் என்று எழுதினால், முதலில் அச்சொல்லை விளக்க வேண்டும். அதன்பின் கதீட்ரலை விளக்க வேண்டும். பழஞ்சொல் ஐயா காட்டியதுபோல் செர்மானியரும் உருசியரும் இருக்கையை விட்டுவிட்டு வேறு பொருளில் பெயரிட்டு நிறைவாகவே வாழ்கிறார்கள். ஒவ்வொரு மொழியும் மூலச்சொல்லின் பிறப்பைத் தன் சொல்லில் சுமக்க வேண்டும் என்பதில்லை.

பேராலயம் என்னும் சொல்லில் எனக்குள்ள குறை வேறு. தமிழில் அதைக் கதீட்ரலுக்கும் எழுதுகிறோம், பசிலிக்காவுக்கும் எழுதுகிறோம். பசிலிக்கா என்பது திருத்தந்தை ஓர் ஆலயத்துக்கு வழங்கும் சிறப்புத் தகுதி. கிரேக்கத்தில் அரசனுக்குரிய என்று பொருள். ஆயரின் இருக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேளாங்கண்ணி ஆலயம் 1962இல் பசிலிக்கா ஆயிற்று. ஆனால் அது அடங்கியுள்ள தஞ்சாவூர் மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சை நகரில் உள்ள திரு இருதய ஆலயம். புதுச்சேரியில் இன்னும் தெளிவு: மக்கள் சம்பா கோவில் என்று அழைக்கும் அமலோற்பவ அன்னை ஆலயம் கதீட்ரல், தொடர்வண்டி நிலையத்தின் அருகே உள்ள இயேசுவின் திரு இருதய ஆலயம் 2011இல் பசிலிக்கா ஆனது. இரண்டையும் பேராலயம் என்று எழுதினால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? சாந்தோம் ஆலயமோ இரண்டுமாக இருக்கிறது. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் தோன்றியது முதல் அங்கே ஆயரின் இருக்கை உண்டு. 1956இல் பசிலிக்கா என்னும் தகுதியும் சேர்ந்தது.

ஆகவே கதீட்ரல், பசிலிக்கா என்று ஒலிபெயர்ப்பாகவே எழுதி, முதன்முறை வருமிடத்தில் 'ஆயரின் இருக்கை அமைந்த தலைமை ஆலயம்' என்றும், 'திருத்தந்தை சிறப்புத் தகுதி வழங்கிய ஆலயம்' என்றும் விளக்கிவிடுங்கள். பீடம் என்னும் சொல்லையும் துணைக்கு அழைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 22 அன்று கத்தோலிக்கர் கொண்டாடும் விழாவுக்குத் தமிழில் 'பேதுருவின் தலைமைப் பீடம்' என்றே பெயர். இலத்தீனில் அது பேதுருவின் கதெத்ரா. பேதுரு பசிலிக்காவின் கடைக்கோடியில் சிற்பி பெர்னினி 17ஆம் நூற்றாண்டில் வார்த்த பெரிய வெண்கலப் பீடத்தினுள்ளே பழைய மரநாற்காலி ஒன்று இருக்கிறது. 875இல் மன்னர் வழுக்கைச் சார்லசு அதைத் திருத்தந்தை எட்டாம் யோவானுக்கு அளித்தார். ஒரு நாற்காலிக்கு விழா எடுக்கும் வழக்கத்தின் காரணத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கையில், போதிக்கும் பணியையே அவ்விழா போற்றுகிறது என்று நான் சொல்வது வழக்கம்.

குருநகரான்:

ஆசிரியை அவர்கள் கூறும் நடைமுறைக் காரணம் எனக்கு விளங்குகிறது. ஒலிபெயர்ப்பை மறுக்கவில்லை. ஆனால் மேற்றிராசனக் கோவில் என்பதை ஓர் அடிக்குறிப்பாகவேனும் தர வேண்டும் என்னும் கோரிக்கையை விடமாட்டேன். பழைய திருமணப் பதிவேடுகளிலும் நினைவு மலர்களிலும் அச்சொல்லைக் காணும் பிள்ளை அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா? ஈழத்துப் பல்கலைக்கழகங்களில் கலைப்பீடம், மருத்துவப்பீடம் என்று நாங்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலந்துக்காரர் கதெத்ராவைக் கல்விக்கும் வழங்குவதைப் போன்றதே அது.

தென்றல்வாசகி:

இருவர் கருத்தையும் ஏற்கிறேன். நூலில் கதீட்ரல் என்றே எழுதி, விளக்கத்தையும் மேற்றிராசனக் கோவில் என்னும் பழம்பெயரையும் முதல் இயலில் தருகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: ஒரு மறைமாவட்டத்துக்கு இரண்டு கதீட்ரல்கள் இருக்க இயலுமா? மால்ட்டா பற்றிய குறிப்பொன்றில் 'இணைக் கதீட்ரல்' என்று படித்தேன்.

கல்தச்சன்:

இயலும். ஆயரின் இருக்கை இரண்டு ஆலயங்களில் இருந்தால் அவை இணைக் கதீட்ரல்கள். மால்ட்டாவில் பழைய தலைநகரான இம்தினாவில் பவுலின் பெயரால் கதீட்ரல் உண்டு. வல்லெத்தாவில் யோவான் பெயரால் உள்ள, காரவாஜியோவின் ஓவியத்துக்குப் புகழ்பெற்ற ஆலயம் இணைக் கதீட்ரல். பெரும்பாலும் இரண்டு மறைமாவட்டங்கள் ஒன்றாகும்போது இந்நிலை ஏற்படும். சென்னையும் மயிலாப்பூரும் 1952இல் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தபோது, சாந்தோம் கதீட்ரலாகத் தொடர, அதுவரை சென்னைக்குத் தலைமை ஆலயமாக இருந்த அர்மீனியன் தெருவின் புனித மரியன்னை ஆலயம் இணைக் கதீட்ரல் ஆயிற்று. பாரிமுனைப் பக்கம் செல்லும்போது அதன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அச்சொல் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.